விறாந்தைக் கிராதியில் இருந்த வெள்ளைத் தூள்

வீட்டுச் சுவருக்கு என்ன நிறம் அடிக்கிறது எண்டதில பெரிசாச் சண்டை வராது. சண்டை வாறது மிச்சத்திலதான். யன்னல் நிலை, கதவு, விறாந்தைக் கிராதி, ஓட்டு விளிம்பில அடிக்கிற வலன்ஸ் பலகை, கேற். இதுகளுக்கு வெள்ளையா, கபிலமா, கரும்பச்சையா, இல்லாட்டி மரத்தின்ர ரேகை தெரியிற மாதிரி வெறும் ஸ்டெயின் மட்டும் போடுறதா எண்டு நிற அட்டையை விரிச்சு வைச்சுக்கொண்டு ஆளாளுக்கு ஒண்டு சொல்லுவினம். வெளிநாட்டில இருக்கிற சித்தப்பா வட்ஸ்அப்பில ஒரு படம் அனுப்புவார். கடைசியில பெயின்ரர் சொல்றதுதான் நடக்கும்.

இதை அழகு பற்றிய விவாதமாகவே நாங்கள் பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் வீட்டின் வெளிப்புற மரவேலைக்கு எதைப் பூசுவது என்ற கேள்வி ஒரு காலத்தில் ஒரு நகரத்துச் சிறுவர்களின் கண்ணையும் கையையும் காலையும் பற்றிய கேள்வியாக இருந்தது. அந்த நகரம் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன். அந்தப் பூச்சு, விறாந்தைக் கிராதியில் அடித்த பூச்சு.

குயின்ஸ்லாந்து மாநிலத்தின் பழைய வீடுகளைப் படத்தில் பார்த்தால் எங்களுக்கு அவ்வளவு அந்நியமாகத் தெரியாது. தகரக் கூரை. வீட்டைச் சுற்றி அகலமான விறாந்தை. வெக்கையும் ஈரமும் கறையானும் தெரிந்தவர்கள் கட்டிய வீடுகள். ஒரே வித்தியாசம், அவை கிட்டத்தட்ட முழுக்க மரத்தாலானவை. கட்டைக்கால்களின் மேல் நிலத்தை விட்டு உயர்ந்து நிற்பவை. கீழே காற்று ஓடும். நிலத்தை விட்டு உயர்ந்த வீடென்பதால் விறாந்தைக்குக் கிராதி கட்டாயம். வெயில் நேரம் பிள்ளைகள் முற்றத்தில் இறங்கமாட்டார்கள். நாள் முழுக்க விறாந்தைதான் அவர்களுடைய உலகம். கிராதியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அதில் சாய்வார்கள், இடைவெளிக்குள்ளால் தெருவைப் பார்ப்பார்கள். பிறகு அதே கையை வாயில் வைப்பார்கள்.

1880களின் கடைசியில் பிரிஸ்பேனின் சிறுவர் வைத்தியசாலைக்கு வந்த அல்பிரட் ஜெபரிஸ் டேர்னர் என்ற இளம் வைத்தியர், அங்கே வரும் பிள்ளைகளில் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். (இவர் அந்துப்பூச்சிகளைச் சேகரித்து வகைப்படுத்துவதிலும் பேர்போனவர். சின்ன வித்தியாசங்களைப் பார்க்கப் பழகிய கண் இரண்டு வேலைக்கும் உதவியிருக்கும் என்று நினைக்கிறேன்.) வயிற்றுக் குத்து, மலச்சிக்கல், வெளிறிப்போன முகம். சிலருக்கு மணிக்கட்டுத் தொங்கிவிடும், கையைத் தூக்கமுடியாது. சிலர் பாதத்தை இழுத்து இழுத்து நடப்பார்கள். சிலருக்குக் கண் மாறுகண்ணாகும், பார்வை மங்கும். இந்த அறிகுறிகள் வைத்தியர்களுக்குப் புதியவை அல்ல. ஈயச் சுரங்கத்திலும் பெயின்ற் தொழிற்சாலையிலும் வேலை செய்யும் பெரியவர்களில் காலங்காலமாகக் கண்டவை. நாலைந்து வயதுப் பிள்ளைக்கு எப்படி ஈயநஞ்சு?

1892 இல் டேர்னரும் அவருடைய சகாக்கள் சிலரும் சேர்ந்து சிட்னியில் நடந்த மருத்துவ மாநாட்டில் இதை அறிவித்தார்கள். நோய் என்ன என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஈயம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் தெரியவில்லை. முதலில் தண்ணீர்த் தாங்கிகளைச் சந்தேகித்தார்கள். கூரையில் விழும் மழைநீரைச் சேமித்துக் குடிக்கிற ஊர் அது. தாங்கியின் பற்றாசில் ஈயம் இருக்கும். நியாயமான சந்தேகம். ஆனால் அதே தாங்கியில் குடிக்கிற தாய் தகப்பனுக்கு ஒன்றுமில்லையே? வைத்தியசாலையில் வைத்திருக்கும்வரை பிள்ளை தேறுகிறது, வீட்டுக்குப் போனதும் திரும்ப விழுகிறது என்பதும் அவர்களை யோசிக்க வைத்தது. வீட்டில் ஏதோ இருக்கிறது. பெரியவர்களைத் தொடாமல் பிள்ளைகளை மட்டும் தொடுகிற ஏதோ ஒன்று.

விடையைச் சொன்னவர் ஒரு கண் வைத்தியர். ஜோன் லொக்ஹார்ட் கிப்சன். பார்வை மங்கிய பிள்ளைகள் அவரிடந்தான் வந்தார்கள். 1904 இல் அவர் வெளியிட்ட கட்டுரை, வர்ணம் பூசிய கிராதிகளும் அறைச் சுவர்களுந்தான் குயின்ஸ்லாந்துப் பிள்ளைகளின் ஈயநஞ்சுக்குக் காரணம் என்று நேரடியாகச் சொன்னது. காய்ந்து, வெயிலில் பழுதாகி, தூளாகப் போன பூச்சு பிள்ளையின் விரலில் ஒட்டுகிறது. நகம் கடிக்கிற பிள்ளை, விரல் சூப்புகிற பிள்ளை, கை கழுவாமல் பாண் சாப்பிடுகிற பிள்ளை அதை விழுங்குகிறது. அவ்வளவுதான். தாங்கியும் இல்லை, மாயமும் இல்லை.

இந்த இடத்தில் அந்தப் பூச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும், ஏனென்றால் அதன் நல்ல குணமும் கெட்ட குணமும் ஒன்றேதான்.

அதன் பெயர் ஈய வெள்ளை. (பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் வருகிற வெள்ளீயம் வேறை. அது தகரத்துக்கு முலாம் பூசுகிற உலோகம். குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஒல்லாந்தர் முறையில் அதைச் செய்கிற விதம் கேட்க அருவருப்பாக இருக்கும். ஈயத் தகட்டைச் சுருட்டி, அடியில் வினாகிரி விட்ட மண்சட்டிகளில் வைத்து, சட்டிகளைக் குதிரைச் சாணத்துக்குள் அடுக்கி, மாதக்கணக்கில் மூடி வைப்பார்கள். சாணத்தின் சூடும் அதிலிருந்து வரும் காபனீரொட்சைட்டும் வினாகிரி ஆவியும் சேர்ந்து ஈயத்தை வெள்ளைப் பொருக்காக மாற்றிவிடும். அதைச் சுரண்டி அரைத்து ஆளிவிதை எண்ணெயில் குழைத்தால் பூச்சு தயார். இங்கிலாந்தில் இந்தச் சட்டிகளைத் தூக்கிச் சுமந்தவர்கள் பெரும்பாலும் ஏழைப் பெண்கள். அவர்களில் செத்தவர்கள் தொகை கூடிக்கூடி, 1898 இல் அந்த ஆபத்தான வேலைகளில் பெண்களை அமர்த்துவதையே சட்டம் நிறுத்தியது.

எண்ணெயோடு சேர்ந்த ஈய வெள்ளை மரத்துக்கு மிக நல்ல பூச்சு. மரம் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். இந்தப் பூச்சும் கூடவே நெகிழ்ந்து கொடுக்கும், வெடிக்காது. வருசங்கள் போக, மேற்பரப்பு மெல்ல மெல்லச் சுண்ணாம்புத் தூள் மாதிரி உதிரும். பழைய பூச்சைச் சுரண்டத் தேவையில்லை, மேலாலேயே புதுப் பூச்சு அடிக்கலாம். பெயின்ரர்மாருக்கு இது வரப்பிரசாதம். இந்த உதிர்தலையே ஒரு சிறப்பாகச் சொல்லி அந்தப் பூச்சை விற்றார்கள்.

எங்கட ஊர்க் கோயில் மதிலில சாய்ஞ்சு நிண்டுட்டு வீட்ட போனா முதுகில காவியும் வெள்ளையும் வரிவரியா ஒட்டியிருக்கும், அம்மாட்டப் பேச்சு விழும். அதுவும் அதே உதிர்தல்தான். ஆனால் உதிர்வது செம்மண்ணும் சுண்ணாம்பும். துவைத்தால் போய்விடும். பிரிஸ்பேன் பிள்ளைகளின் கையில் ஒட்டியது ஈயம். எங்கள் உடல் ஈயத்தைக் கல்சியம் என்று நினைத்து எடுத்துக்கொள்கிறது, எலும்பில் சேமிக்கிறது. அதுவும் வளர்கிற பிள்ளையின் குடல், ஒரு பெரிய ஆள் உறிஞ்சுவதைவிட நாலைந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சும். வடக்குத் திசையில் இருக்கிற குயின்ஸ்லாந்தின் வெயில் பூச்சை வேறு வேகமாகத் தூளாக்கியது. தெற்கே சிட்னியிலும் மெல்பேர்னிலும் இருந்த வைத்தியர்கள் பலர் கிப்சனை நம்பவில்லை. அதே பெயின்ற்தானே இங்கேயும் அடிக்கிறோம், எங்கட பிள்ளைகளுக்கு ஏன் வரவில்லை என்பது அவர்களுடைய கேள்வி. ஒரு நோய் ஏழ்மையிலோ அசுத்தத்திலோ இருந்து வராமல், ஒழுங்காகப் பெயின்ற் அடித்துப் பராமரித்த நல்ல வீட்டின் விறாந்தையிலிருந்து வருகிறது என்பதை ஏற்றுக்கொள்வதும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

சரி, வேறு நிறத்தைத் தேர்ந்திருக்கலாமே?

இங்கேதான் நிற அட்டை எங்களை ஏமாற்றுகிறது. அந்தக் காலத்தில் பெயின்ற் இன்றைக்கு மாதிரி ரின்னில் தயாராக வருவது குறைவு. ஈய வெள்ளைக் குழம்பைப் பீப்பாவாக வாங்கி, வேலை செய்கிற இடத்திலேயே எண்ணெயும் டேர்ப்பன்டைனும் விட்டு இளக்கி, அதில் கொஞ்சம் நிறத்தூள் கலப்பார்கள். கிறீம் நிறமும், கல் நிறமும், இளஞ்சாம்பலும், வெளிர்நீலமும் எல்லாமே ஒரே பீப்பாவில் இருந்து வந்தவை. கரும்பச்சைக்குப் போனால்? யன்னலுக்கும் கேற்றுக்கும் பேர்போன பிறன்ஸ்விக் பச்சை என்பது பிரஷ்யன் நீலத்தையும் குரோம் மஞ்சளையும் கலந்தது. குரோம் மஞ்சள் என்றால் ஈயக் குரோமேற்று. இரும்பு வேலைக்கு முதல் அடிக்கிற செந்தூர நிறப் பூச்சு ஈயத்தின் ஒட்சைட்டு. தப்பி நின்றவை இரும்பொட்சைட்டுச் சிவப்பும் மண்ணிறங்களுந்தான், அதாவது எங்கள் காவியின் சொந்தக்காரர்கள். வெளிர் நிறம் வேணும், பளிச்சென்று இருக்கவேணும் என்று நினைத்த எவரும் ஈயத்தைத்தான் தேர்ந்தார்கள், தெரியாமலேயே.

மாற்று இல்லாமல் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. பாரிஸில் எட்மே ஜோன் லெக்ளேர் என்றொரு பெயின்ற் ஒப்பந்தக்காரர் இருந்தார். தன்னுடைய வேலையாட்கள் ஈயத்தால் முடங்கிப்போவதைப் பார்த்துச் சகிக்காமல், 1840களிலேயே நாக ஒட்சைட்டு வெள்ளைக்கு மாறியவர். (1842 இல் தன் இலாபத்தைத் தொழிலாளர்களோடு பங்கிட்டவரும் இவரே. பொருளியல் வரலாற்றில் இவர் பெயர் அதற்காகத்தான் கூடுதலாகச் சொல்லப்படுகிறது.) ஆக, கிப்சனின் கட்டுரைக்கு அறுபது வருடங்களுக்கு முதலே ஈயமில்லாத வெள்ளை சந்தையில் இருந்தது. அது விலை கூட, வெளியில் வெடிக்கும், ஒரு பூச்சில் மூடாது என்று குறை சொன்னார்கள். குறைகளில் உண்மையும் இருந்தது. கிராதிக்கு வருசத்துக்கொரு தடவை கூட ஒரு பூச்சு அடிக்கவேண்டி வந்தால் என்ன குடியா முழுகிவிடும் என்று இன்றைக்கு எங்களுக்குத் தோன்றும். அன்றைக்குக் கணக்கு அப்படிப் போகவில்லை.

1921 இல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஈய வெள்ளை பற்றியே தனியாக ஒரு சமவாயம் நிறைவேற்றியது. கட்டிடங்களின் உட்புறத்தில் ஈய வெள்ளை கூடாது என்றது அது, சில விதிவிலக்குகளோடு. வெளிப்புறத்தை விட்டுவிட்டது. மழைக்கும் வெயிலுக்கும் இதைப்போல நிற்கிற பூச்சு வேறில்லை என்ற வாதம் வென்றது. அந்தச் சமவாயம் பெயின்ரர்களின் உடல்நலத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. அதில் விறாந்தைப் பிள்ளை இல்லை.

அந்தப் பிள்ளையைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது 1922 இல் குயின்ஸ்லாந்து. கிப்சன் எழுதிப் பதினெட்டு வருடம் கழித்து, வைத்தியர்கள் விடாமல் நெருக்கியதால், பிள்ளைகள் புழங்கும் கட்டிடங்களின் வெளிப்புறத்தில் அவர்களின் கைக்கு எட்டுகிற உயரத்துக்குள் ஈயப் பூச்சு அடிப்பது தடைசெய்யப்பட்டது. கிராதி, கேற், வேலி எல்லாம் அதற்குள் வந்தன. எனக்கு இந்தச் சட்டத்தில் பிடித்தது அந்த அளவுகோல்தான். பெயின்ற் எவ்வளவு காலம் நிற்கும் என்று பார்க்கவில்லை. பிள்ளையின் கை எவ்வளவு தூரம் எட்டும் என்று பார்த்தது.

ஆனால் அந்தச் சட்டம் புதிதாக அடிப்பதைத்தான் நிறுத்தியது. ஏற்கனவே மரத்தில் இருந்த ஐந்தாறு படைகளை ஒன்றும் செய்யவில்லை. பூச்சு உதிர்ந்துகொண்டே இருந்தது. 1929 இல் ஜார்விஸ் நை என்ற வைத்தியர் இன்னொன்றைக் கவனித்தார். குயின்ஸ்லாந்தில் இளம் வயதினர் பலர் சிறுநீரகம் பழுதாகிச் சாகிறார்கள். மற்ற மாநிலங்களில் அந்தளவு இல்லை. சின்ன வயதில் விழுங்கிய ஈயத்தின் மிச்சந்தான் அது என்றார். 1950களில் ஹென்டர்சன் என்பவர், சிறுவயதில் ஈயநஞ்சுக்கு வைத்தியம் பார்த்தவர்களுடைய பழைய பதிவுகளை எடுத்து அவர்கள் இப்போது எங்கே, எப்படி என்று தேடிப் பார்த்தபோது நை சொன்னது உறுதியானது. அவர்களில் பலர் சிறுநீரக நோயில் இறந்திருந்தார்கள். ஐந்து வயதில் பிடித்த கிராதி முப்பது வயதில் ஆளைக் கொண்டுபோயிருக்கிறது.

அமெரிக்கக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது எல்லோருக்கும் ஓரளவு தெரிந்தது. 1914 இல் பல்ரிமோர் நகரில் தன் கட்டில் கிராதியின் பூச்சைக் கடித்துத் தின்ற ஒரு சின்னப் பையனின் மரணத்தை வைத்தியர்கள் பதிவு செய்தார்கள். ஈய நிறுவனமொன்று தொப்பியும் மரச் செருப்பும் போட்டுத் தூரிகை பிடித்த ஒரு ஒல்லாந்துப் பையனைத் தன் இலச்சினையாக வைத்திருந்தது. பிள்ளைகளுக்கு நிறந்தீட்டும் புத்தகம் அச்சடித்துக் கொடுத்து ஈயப் பெயின்றை விளம்பரப்படுத்தியது. 1916 அளவில் ரைற்றேனியம் ஈரொட்சைட்டு என்ற, நஞ்சில்லாத, நன்றாக மூடுகிற வெள்ளை தொழிற்சாலைகளில் வரத் தொடங்கியும் ஈயம் உடனே விலகவில்லை. அமெரிக்கா வீட்டுப் பெயின்றில் ஈயத்தைத் தடைசெய்தது 1978 இல். கிப்சனின் கட்டுரையிலிருந்து எழுபத்து நாலு வருடம்.

இலங்கைக்கு இந்தத் திகதி இன்னும் கிட்டடி. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை 2011 இல் வர்த்தமானி வெளியிட்டு, 2013 ஜனவரியில் இருந்துதான் பெயின்றில் ஈயத்துக்குக் கட்டாய வரம்பு வந்தது. சுவருக்கு அடிக்கிற எமல்ஷனுக்கு மில்லியனில் 90 பங்கு. மரத்துக்கும் இரும்புக்கும் அடிக்கிற எனாமலுக்கு 600 பங்கு. கவனியுங்கோ, பிள்ளை கையால் பிடிக்கிற கிராதிக்கும் கேற்றுக்கும்தான் எனாமல் போகும். அதற்குத்தான் வரம்பு தளர்வு.

இதன் பொருள், 2013 க்கு முதல் அடித்த கதவு, யன்னல், கிராதி, கேற் எதிலும் ஈயம் இருந்திருக்கலாம். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமல்களில் அந்தச் சாத்தியம் இன்னும் கூட, குரோம் மஞ்சளின் காரணத்தால். முன்பள்ளி ஊஞ்சல்களையும் சறுக்குகளையும் நாங்கள் எந்த நிறங்களில் அடிக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் இப்போது பழைய வீடுகள் திரும்பத் திறக்கப்படுகின்றன. இடம்பெயர்ந்து பல வருடம் பூட்டிக் கிடந்த வீடுகள். யன்னல் பலகையில் நகத்தால் சுரண்டினால் பச்சைக்குக் கீழ நீலம், நீலத்துக்குக் கீழ வெள்ளை எண்டு ஒரு குடும்பத்தின்ர கலியாணங்கள், பொங்கல்கள் எல்லாம் படைபடையாக் கிடக்கும். மரம் நல்ல முதிரையோ பாலையோ தேக்கோ எண்டா, "இதைச் சுத்தமா உரஞ்சி எடுத்துப்போட்டு ஸ்டெயின் அடிச்சா என்ன வடிவா இருக்கும்" எண்டு ஆராவது சொல்லுவினம். சொல்றது சரிதான், வடிவாத்தான் இருக்கும். மரத்துக்குள் ஊறி நிற்கிற ஸ்டெயின் தடித்த படையாக நிற்பதில்லை. அதனால் பெயின்ற் மாதிரிப் பொருக்காக உரிவதும் இல்லை. வெளிறினால் மேலால் இன்னொரு தரம் பூசலாம். வெயில் படுகிற இடத்துக்கு நிறத்தூள் கூடின, கடும் நிறங்கள் கூடக் காலம் நிற்கும். நிறமே இல்லாத வாணிஷ் எங்கட வெயிலுக்கு அவ்வளவு தாக்குப்பிடிக்காது.

பிரச்சினை ஸ்டெயினில் இல்லை, அதற்கு முதல் நடக்கிற உரஞ்சலில். மெஷினைப் போட்டு, அரத்தாளால், காய்ந்தபடியே இரண்டு நாள் உரஞ்சினால் அத்தனை வருசப் பெயின்றும் மாவாகி முற்றத்தில், கிணற்றடியில், காயப்போட்ட உடுப்பில் வந்து படியும். அந்த முற்றத்தில்தான் பிள்ளை தவழும். பிரிஸ்பேனில் இருபது வருட வெயில் செய்த வேலையை ஒரு சனி ஞாயிறில் நாங்களே செய்து முடிக்கிறோம். உரஞ்சுகிற பெடியன் மூக்கில் லேஞ்சிகூடக் கட்டியிருக்கமாட்டான், மத்தியானம் அதே கையால் சோறு சாப்பிடுவான்.

ஆகவே பழைய பூச்சு இறுக்கமாக, உதிராமல் இருந்தால் அதைத் தொடாமல் மேலால் புதுப் பெயின்ற் அடிப்பதுதான் பாதுகாப்பு. அந்த யன்னலுக்கு ஸ்டெயின் ஆசையை விட்டுவிடுங்கள். புதிதாகப் போடுகிற மரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். எடுத்தே ஆகவேணும் என்றால் தண்ணி தெளித்து ஈரமாகச் சுரண்டவேணும். கீழே தறப்பாள் விரித்து, சுரண்டியதை அதோடு சுருட்டி எடுக்கவேணும். தும்புத்தடியால் கூட்டக்கூடாது, ஈரத்துணியால் துடைக்கவேணும். நெருப்புப் பிடித்து உரிக்கிற வேலை வேண்டவே வேண்டாம், ஈயம் புகையாகி நேரே நெஞ்சுக்குள் போகும். வேலை முடியுமட்டும் சின்னப் பிள்ளைகளையும் வயிற்றுப் பிள்ளைத்தாச்சிகளையும் அம்மம்மா வீட்டுக்கு அனுப்பிவிடலாம். கடையில் ரின்னை வாங்கும்போது ஈயம் சேர்க்காதது என்று போட்டிருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கலாம். மஞ்சள் எனாமல் என்றால் இரண்டு தரம் பார்க்கலாம். பெயின்ரரிடம் இதெல்லாம் சொன்னால் சிரிப்பார், நாங்கள் எத்தினை வருசமா உரஞ்சிறம் என்பார். எத்தனை வருடம் என்று அவரிடமே கேட்டு, வயிற்றுக் குத்து இருக்கா, கை விறைக்கிறதா என்றும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள்.